எட்டாவது வரிசை

இதை நம்பாதவர்களிடம் நான் வாதாடப் போவதில்லை. அந்தப் போர்வை இருக்கிறது. அதைப் போர்த்தி வளர்ந்த பெண் இருக்கிறாள். நானும் இருக்கிறேன்.

2008. திருப்பூரில் தினமும் மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்ட் போய் நான்கு மணிக்கு வரும். எங்கள் பனியன் கம்பெனியில் ஜெனரேட்டர் கிடையாது. அந்த நேரத்தில் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவோம். என் வீட்டுக்கு அடுத்த சுவர் நதியாவின் வீடு. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், என்னோடு வேலை பார்த்த டெய்லர். நாங்கள் டிரிம்மரால் நூலை வெட்டுவோம். அவள் மட்டும் பல்லால் கடிப்பாள். துணியில் எச்சில் படுகிறது என்று சூப்பர்வைசர் கந்தப்பன் திட்டாத நாள் இல்லை.

அவள் முழுகாமல் இருந்தபோது கட்டிங் வேஸ்ட் துண்டுகளைச் சதுரமாக வெட்டி, ரோஸ் நூலால் ஒட்டுப் போர்வை தைக்க ஆரம்பித்தாள். எனக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. ஆனாலும் போட்டிக்கு நானும் ஒரு போர்வை ஆரம்பித்தேன். "அது யாருக்கு, தெய்வா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் அடுத்த துண்டை எடுத்து வைத்துத் தைத்தேன். அவளுக்கு எட்டு வரிசை முடிந்தபோது எனக்கு மூன்றுதான். வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

பிரசவத்துக்குப் புருஷனோடு ஊருக்குப் போகும்போது, விளக்கேற்றச் சொல்லி என்னிடமே சாவியைக் கொடுத்தாள்.

"மொத்தம் பன்னெண்டு வரிசைக்கா. மிச்ச நாலையும் பிள்ளையோட வந்து தைச்சுக்கிடுதேன்."

ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் புருஷன் முனீஸ் கம்பெனிக்கு போன் பண்ணினான். பெண் குழந்தை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மணி 2:15க்கு அவள் வீட்டைத் திறந்தேன். அவளுடைய தையல் மிஷின் மேல் மடித்து வைத்திருந்த போர்வையை எடுத்து, எட்டாவது வரிசையை அப்படியே பிரித்துப் போட்டேன். மனசு கொஞ்சம் ஆறியது.

செவ்வாய், மணி 2:00. தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம்... டர்ர்ர்ர்...

அது மோட்டாரில் ஓடும் மிஷின். தெருவில் எங்கேயும் கரண்ட் இல்லை.

2:10க்குப் பூட்டைத் திறந்தேன். சத்தம் நின்றது. உள்ளே யாரும் இல்லை. எட்டாவது வரிசை பழையபடி தைத்திருந்தது. மோட்டாரைத் தொட்டேன். சுட்டது. நூல் முனையைத் தொட்டேன்... ஈரம்.

பயந்தேன். ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. இங்கே இல்லாமலே என்னை ஜெயிக்கிறாளா? இரண்டு வரிசையைப் பிரித்தேன்.

புதன். 2:00 முதல் 2:40 வரை சத்தம். போய்ப் பார்த்தால் எட்டு வரிசை. மறுபடி ஈர நூல். அன்றைக்கு ஒன்றுவிடாமல் பிரித்தேன். எல்லாம் வெறும் துண்டுகளாகத் தரையில் கிடந்தன.

வியாழன்.

2:00. டர்ர்ர்ர்...

2:30. நிற்கவில்லை.

3:15. சுவரில் கை வைத்தேன். அதிர்ந்தது.

"நதியா... போதும் கண்ணு" என்றேன்.

நிற்கவில்லை.

3:52.

டக்.

நூலைப் பல்லால் கடிக்கும் சத்தம். அவ்வளவுதான்...

கரண்ட் வந்த பிறகுதான் போனேன். பன்னிரண்டு வரிசை. முழுப் போர்வை.

பத்து நாள் கழித்து முனீஸ் வந்தான். மொட்டைத் தலை. கையில் குழந்தை. போர்வையை விரித்துப் பார்த்து, "நீங்களாக்கா தைச்சு முடிச்சீங்க?" என்று கேட்டான்.

"ஆமாங்க" என்றேன். அப்போதும் அந்தப் பேர் எனக்கு வேண்டியிருந்தது.

அவன் அழுதுகொண்டே சொன்னான். திங்கள் 2:15க்கு நதியாவுக்கு வலிப்பு வந்திருக்கிறது. அதிலிருந்து தினமும் இரண்டு மணியானால் பேச்சு மூச்சு அடங்கிவிடுமாம். செவ்வாய் பத்து நிமிஷத்தில் திரும்பினாள். புதன் நாற்பது நிமிஷம். வியாழன் திரும்பவே இல்லை. டாக்டர் எழுதிய நேரம் 3:52.

"வாய்க்கட்டு கட்டும்போது பாத்தேன்க்கா" என்றான் முனீஸ். "பல்லுக்கு இடையில நூலு இருந்துச்சு. ரோஸ் நூலு."