தவறணை இல்லாத வழி

அறுபதுகளின் கடைசி. மூன்று கிழமையாகத் திருகோணமலை ஆஸ்பத்திரியில் கிடந்த என் மனுசனைத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாள். டொக்டர் என்னிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

“இன்னொருக்காக் குடிச்சால் ஈரல் தாங்காது, ஆள் முடிஞ்சுபோவார். அவரைக் குடிக்க விடாமல் பிடிக்கிறதுக்கு ஆர் ஆர் இருக்கினம்? எழுதித் தாங்கோ.”

என்னையும் மாதாவையும் எழுதினேன்.

அவர் சிரித்துவிட்டார். “மாதா இருக்கட்டும். வேலை முடிஞ்சு வரேக்க கூட வாறது ஆர்?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துறைமுகத்தில் இவரோடு தேயிலைப் பெட்டி ஏற்றும் ஒன்பது பேர்தான். கள்ளுத் தவறணைக்கு இழுத்துப்போய் இவரைக் கெடுத்ததே அவங்கள்! அதையும் சொன்னேன்.

“எதுக்கும் போய்க் கேளுங்கோ” என்றார் மனிதர்.

போனேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க. வேலை விடும் நேரம் துறைமுக வாசலில் அந்தக் கூட்டத்தின் கங்காணியை மறித்தேன்.

“என்ர மனுசனை நாசமாக்கிப்போட்டு நிக்கிறியளே, வெக்கமில்லையோ?”

“ஓம் தங்கச்சி, பிழை எங்களிலதான்.”

பக்கத்தில் நின்ற ஒருவர் சொல்லி அப்போதுதான் தெரிந்தது. இவருடைய இடத்துக்கு வேறு ஆளைப் போட விடாமல், மூன்று கிழமையும் ஒன்பது பேராகவே பத்துப் பேரின் பெட்டிகளைச் சுமந்திருக்கிறார்கள். கங்காணியே தொடர்ந்தார்.

“இனிக் கடற்கரைப் பக்கத்தால சுத்திக் கூட்டிவாறன். அந்த வழியில தவறணை இல்லை.”

“நீங்கள் குடியை விட்டிட்டியளோ அண்ணை?”

“என்னால ஏலாது தங்கச்சி. ஆனா அவன்ர கண்ணுக்கு முன்னால தொடமாட்டன்.”

அம்மாடி! இப்படி ஒரு மனிதனா என்று மெய்சிலிர்த்து நின்றேன். வீட்டுக்கு வந்து, டொக்டரின் தாளில் மாதாவுக்குக் கீழே அவருடைய பெயரைத்தான் முதலில் எழுதினேன்.

சொன்னபடி செய்தார். எட்டு வருடம், வெயிலோ மழையோ, என் மனுசனை வீட்டு வாசல் படலைவரை கொண்டுவந்து விட்டார். உள்ளே வந்து தேத்தண்ணி குடிக்கச் சொன்னால், “நேரமாகுது தங்கச்சி” என்று திரும்பி நடப்பார். எங்கே போகிறார் என்று எனக்கும் தெரியும், என் மனுசனுக்கும் தெரியும்.

ஒன்பதாம் வருடம் கங்காணி ஈரல் கெட்டுச் செத்தார். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் என் மனுசனும் ஒருவர். அவரைக் குடிக்க விடாமல் பிடிக்க ஆர் இருக்கினம் என்று அந்த எட்டு வருடத்தில் நான் ஒருநாள்கூடக் கேட்கவில்லை.