கழுவிய போத்தல்

கேகாலைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது பிறந்த தோட்டத்திலிருந்து போன் வந்தது. "பாக்கியம் அக்கா நேத்து போயிட்டாங்க. காய்ச்சல்தான். இன்னைக்கு எடுக்குறோம்." கூடையை அங்கேயே போட்டுவிட்டு எஹலியகொடைக்கு பஸ் ஏறினேன். நம் இறப்பர் தோட்டத்தில் அவரோடு பேசிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். நானும் கல்யாணமாகிப் போன பிறகு அவர் யாரோடு பேசினாரோ, சாமிக்குத்தான் தெரியும்.

தோட்டத்து ஆட்களே, உங்களுக்கு மறந்திருக்காது. அப்போதெல்லாம் மருந்து வாங்கத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு நாமே போத்தல் கொண்டுபோக வேண்டும். புருஷன் இல்லாத அக்காவுக்கு இருந்த ஒரே பிள்ளை கவிதா. அவளுடைய காய்ச்சலுக்கு அங்கே ஊற்றிக் கொடுத்தது, மேலுக்குப் பூசுகிற மருந்து. அதைக் குடித்த பிள்ளை விடியுமுன் போய்விட்டாள். காய்ச்சலில் சாவு என்று எழுதி முடித்தார்கள். பிள்ளையை எடுத்ததும் நம் பெண்கள் வழக்கம்போல வீட்டைக் கழுவினார்கள். மிச்ச மருந்தோடு இருந்த போத்தலையும் கழுவி, மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தார்கள். உதவியாக நினைத்துத்தான் செய்தார்கள்.

அக்கா தோட்டத்தின் மேல் இரத்தினபுரி கோர்ட்டில் வழக்குப் போட்டார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும் என்று துணைக்கு அழைத்துப் போவார். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது ஒன்றுதான்: மருந்து எங்கே? அக்கா போத்தலைத் தூக்கிக் காட்டி, "மோந்து பாருங்கய்யா" என்றார். மண்ணெண்ணெய்தான் மணத்தது. சிரித்தார்கள், பாவிகள். திரும்பி வரும்போது பஸ்ஸில், "கேஸுதான் தோத்துச்சு புள்ள. நான் சொன்னது பொய்யாயிருமா?" என்று கேட்டார்.

பெரிய தண்டனை அதற்குப் பிறகுதான். "கோர்ட்டுக்குப் போறவங்களுக்கு மருந்து குடுத்துக் கட்டுப்படியாகாது" என்று வக்கீல் செலவைக் காட்டி, தோட்டத்தை நடத்தும் துரை டிஸ்பென்சரியைப் பூட்டினார். தலைவலி மாத்திரைக்கும் டவுனுக்கு பஸ் ஏற வேண்டியதாயிற்று. பூட்டியவரை விட்டுவிட்டு அக்காவைத் திட்டினீர்கள். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அவர் குடத்தை வைத்தால் பேச்சு நின்றுவிடும். ஒரு நாள் அங்கேயே நின்று கேட்டார்: "என்கூட பேசாட்டி போகுது. எம்புள்ள பேரையாச்சும் சொல்லுங்களேன்." பாதி நிறைந்த குடங்களைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனீர்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவை எடுத்துவிட்டார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். டவுனில் வாங்கிய மருந்து பாதிப் போத்தல் மிச்சம் இருந்தது. புதிதாக வந்த மருமகள் ஒருத்தி அதைக் கழுவ எடுத்தாள். அக்காவை அதிகம் திட்டிய மாரியம்மா பாய்ந்து பிடுங்கினார்.

"அதக் கழுவாதடி! அப்படியே இருக்கட்டும். கவிதா புள்ள போத்தல நாந்தான்டி கழுவுனேன்!"

இத்தனை வருடத்துக்குப் பிறகு அந்த லயத்து வரிசை வீடுகளில் அந்தப் பெயரைக் கேட்டேன். கேட்க வேண்டியவரை அப்போதுதான் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அவருக்காக நான் கேட்டு வைத்திருக்கிறேன்.