தம்பியின் கட்டுரை

எங்கள் குழுவில் அவரை எல்லோரும் எக்ஸ்ரேக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக எக்ஸ்ரே எடுப்பவர். என்னைவிட மூன்று வயது இளையவர், ஆனாலும் எனக்கும் அக்காதான். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அதனால் அங்கே என் பெயர் கணக்கு சார். மூன்றாவது ஆள் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண். எந்த வாக்கியத்தைப் படித்தாலும் கமா வந்த இடத்தில் நிறுத்தி, "ஒரு நிமிஷம், இதுவரைக்கும் எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்பாள். அவளுக்குக் கமா என்றே பெயராகிவிட்டது. மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். கடைசிவரை நின்றது நாங்கள் மூன்று பேர்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணி, நூலகத்தின் மாடி அறை. கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் மெஷின் லேர்னிங் துறையின் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்துப் புரிந்துகொள்வதுதான் வேலை. அக்கா முதன்முதலில் 'பேப்பர் வாசிப்புக் குழு' என்று எழுதி வாசலில் ஒட்டியபோது, நூலகர் அவரைக் கூப்பிட்டு, "பேப்பர் கீழேயே நாலு கிடக்குதேம்மா, அதைப் படிக்க மாடி ஏறணுமா?" என்று கேட்டாராம். முதல் கட்டுரையை முடிக்க எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. முதல் சனிக்கிழமை ஒரே ஒரு பத்தி. அதுவும் அரைகுறை.

எக்ஸ்ரே எடுப்பவருக்கு இது எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார்.

அவருக்கு ஒரே தம்பி, ஒன்பது வயது இளையவன். அப்பா போனபோது அவனுக்கு ஐந்து வயது. அம்மா வேலைக்குக் கிளம்பிவிடுவார். பல் தேய்த்துவிடுவது, தலை வாரிவிடுவது, பள்ளிக்கூட வாசலில் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உள்ளே தள்ளுவது எல்லாம் அக்காதான். அவன் நன்றாகப் படித்து, கடல் தாண்டி ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளன் ஆனான். ஞாயிறுதோறும் ஃபோன் பேசுவான். "என்னடா ஆராய்ச்சி பண்ற?" என்று கேட்டால், "சொன்னா உனக்குப் புரியாதுக்கா" என்பான். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனால் பேச்சு சாப்பிட்டியா, தூங்கினியா என்று சுருங்கிப்போனது.

"நான் தூக்கி வளர்த்த பிள்ளை சார். அவன்கிட்டப் பேச எனக்கு விஷயம் இல்லாமப் போச்சு. அதான் படிக்க உக்காந்தேன்" என்றார்.

குழு தொடங்கிய மூன்றாவது மாதம், கணினி கற்கும் வேகத்தைப் பற்றி ஃபோனில் சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். "டேய், லேர்னிங் ரேட்டை ஏன்டா போகப்போகக் குறைக்கிறீங்க?" அவன் விழுந்து விழுந்து சிரித்தானாம். அன்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். அடுத்த சனிக்கிழமை அக்கா மாடிப்படி ஏறி வந்த வேகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்கு வந்த சந்தேகமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அவனிடம் போகும், அடுத்த வாரம் பதிலோடு திரும்பும். மூன்று வருடம் இப்படி ஓடியது. நாங்கள் பார்த்தே இராத ஒருவன் எங்கள் குழுவில் ஒருவன் ஆகிவிட்டான்.

அப்போதுதான் அவனுடைய பெரிய கட்டுரை வந்தது. நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்து நுரையீரல் நோயைக் கண்டுபிடிக்கும் நிரல். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரியாகச் சொல்கிறது. அம்மா முதல் பக்கத்தை லேமினேட் செய்து டிவிக்கு மேலே மாட்டிவிட்டார். அக்கா எல்லோருக்கும் பிரதி எடுத்து வந்தார். "இந்தத் தடவை யாரும் குறை சொல்லக்கூடாது, எழுதினவன் அக்கா பக்கத்துலயே இருக்கேன்" என்றார். சிரித்தோம்.

அவன் பயன்படுத்திய படங்கள் எல்லோரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிடப்பட்டிருந்தன. கமா நிரலை ஓட்டினாள். தொண்ணூற்றாறு சொன்னபடியே வந்தது. அக்கா ஆசைக்குப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எல்லா நெஞ்சும் ஒரே மாதிரிதான். அவருக்கு அப்படியில்லை.

மூன்றாவது சனிக்கிழமை, பேசாமல் இரண்டு படங்களை மேசைமேல் வைத்தார்.

"இது பயிற்சிக்குக் கொடுத்த படம். இது சோதனைக்கு வச்ச படம். நம்பர் வேற, தேதி வேற. ஆனா ஆள் ஒண்ணுதான்."

"எப்படிக்கா சொல்றீங்க?" என்றாள் கமா.

"கழுத்துக்குக் கீழ எலும்புல தகடு வச்சிருக்காங்க பாரு. ஆறு ஸ்க்ரூ. மூணாவது வளைஞ்சிருக்கு. ரெண்டுலயும்."

எனக்கு உடனே உறைத்தது. வீட்டுப்பாடத்தில் போட்ட கணக்கையே பரீட்சையிலும் கேட்டால் பையன் நூறு வாங்குவான். அதை வைத்து அவனுக்குக் கணக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது. நோயாளி ஒவ்வொரு முறை வரும்போதும் புது எண் கொடுத்திருக்கிறார்கள். அதனால் ஒரே ஆளின் படங்கள் இரண்டு பக்கமும் விழுந்திருந்தன. நிரல் நோயை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை, ஆளையும் அடையாளம் வைத்துக்கொண்டுவிட்டது.

"ஒண்ணு ரெண்டு தப்பிப் போயிருக்கும்க்கா" என்றாள் கமா. அக்காவும் ஆமென்று தலையாட்டினார்.

ஒன்று இரண்டு இல்லை. கமா ஒத்துப்போகிற படங்களைத் தேடிக் கொடுக்க, அக்கா விலா எலும்பையும் பழைய முறிவுகளையும் பார்த்து உறுதி செய்தார். சோதனைக்கு வைத்த தொள்ளாயிரத்தில் எழுநூற்றெண்பது. ஆட்களைப் பிரித்து வைத்து மறுபடி ஓட்டியபோது தொண்ணூற்றாறு எழுபத்தொன்றானது. கடைசியில் கமாதான், "உங்க தம்பிக்கா. நீங்க சொல்றவரைக்கும் நாங்க வாயைத் திறக்க மாட்டோம்" என்றாள். உதவி என்று நினைத்துத்தான் சொன்னாள். மொத்தச் சுமையும் அக்கா தலையில் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை அவர் அவனிடம் சொன்னார். சந்தோஷப்படுவான், திருத்திக்கொள்வான் என்றுதான் நம்பியிருந்தார்.

"தெரியும்க்கா" என்றான்.

"என்னடா தெரியும்?"

"அனுப்புறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி பார்த்தேன். நேரமில்ல. எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. நீ இதைப் பெருசாக்காதே."

"பெருசாக்கல. நீயே அந்தக் கட்டுரையைப் போட்ட பத்திரிகைக்கு எழுதிடு. தப்பு நடந்துபோச்சு, திருத்திக்கிறேன்னு சொல்லிடு. அதுல என்னடா அசிங்கம்?"

எழுதுகிறேன் என்றான். ஒரு மாதம் போனது. இரண்டு மாதம் போனது. அக்கா கேட்கும்போதெல்லாம் வேலை அதிகம் என்றான். பிறகு அம்மா வாயால்தான் சேதி வந்தது. அவன் நிரலை மூன்று ஆஸ்பத்திரிகளில் வைக்கப் போகிறார்கள். டாக்டர் இல்லாத நேரத்தில் அதுவே பார்த்துச் சொல்லும். அம்மாவுக்குத் தரையில் கால் படவில்லை.

அன்றைக்கு அக்கா ஞாயிறுவரை காத்திருக்கவில்லை. உடனே கூப்பிட்டார்.

"நூறு பேர்ல இருபத்தொன்பது பேருக்குத் தப்பாச் சொல்லும்டா. 'உனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போ'ன்னு சொல்லும். அந்த ஆளை நான் தினமும் என் மெஷின் முன்னாடி நிறுத்துறேன்."

"நீ சொல்லாட்டி யாருக்கும் தெரியாதுக்கா."

இந்த ஒரு வரியை எங்களிடம் சொல்லும்போது மட்டும் அவர் குரல் உடைந்தது.

பத்திரிகைக்கு அக்காவே எழுதிய கடிதம் இரண்டு பக்கம். எங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றார். கடைசி வரியில், 'இக்கட்டுரையை எழுதியவர் என் உடன்பிறந்த தம்பி' என்று சேர்த்தார். அது தேவையா என்று கேட்டேன். "மறைச்சா நானும் அதையேதானே பண்றேன் சார்?" என்றார். அனுப்பும்போது அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

ஐந்து மாதத்தில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஆஸ்பத்திரிகள் பின்வாங்கின. தம்பிக்கு ஆராய்ச்சி வேலை போனது. எங்கோ ஒரு கம்பெனியில் சேர்ந்தான். அவன் ஒரே ஒரு முறை கூப்பிட்டு, "இனிமே எனக்கு ஃபோன் பண்ணாதே" என்று வைத்துவிட்டான். அம்மா அந்த லேமினேட் செய்த பக்கத்தைக் கழற்ற மறுத்தார். "நீ பேசினது ஞாயமாவே இருக்கட்டும். உன் தம்பிடி அவன். அவனைத் தெருவுல நிறுத்திட்டியே" என்றார்.

மூன்று வாரம் அவர் குழுவுக்கு வரவில்லை. நானும் கமாவும் எதிரெதிரே உட்கார்ந்து பேருக்குப் படித்தோம். நான்காவது வாரம் வந்தார். வழக்கம்போல வெள்ளைப் பலகையைத் துடைத்தார். ஒரு சமன்பாட்டில் மூவரும் மாட்டிக்கொண்டு விழித்தபோது, அவர் பாட்டுக்கு, "சரி, ஞாயித்துக்கிழமை கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கமா பேனா எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அக்கா பலகைப் பக்கம் திரும்பி, அழித்த இடத்தையே வெகுநேரம் அழித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடம் கழித்து அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அக்கா வேலை செய்யும் ஆஸ்பத்திரியில்தான். துணைக்கு நானும் போயிருந்தேன். காலை ஒன்பது மணி வாக்கில், தோளில் ஒரு பையோடு தம்பி வந்தான். முகம் அப்படியே அக்கா ஜாடை. காதோரம் நரைத்திருந்தது. அக்கா பதறி எழுந்து தன் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினார்.

"உக்காருடா. நேரா வர்றியா? ஏதாவது சாப்பிட்டியா?"

"பரவாயில்லைங்க. நிக்கிறேன்."

அக்கா புரியாதவர்போல அவனையே பார்த்தார். "எப்படிடா இருக்க?" என்றார் மறுபடி.

"நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க?"

கோபமே இல்லாத குரல். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பேசுகிற மாதிரி. மூன்று நாளும் அப்படித்தான் இருந்தான். மருந்துச் சீட்டைக் கேட்கும்போது 'கொடுங்க' என்றான், வழிவிடச் சொல்லும்போது 'கொஞ்சம் நகருங்க' என்றான். அம்மாவின் கண்கட்டைப் பிரித்ததும், அவர் அவன் முகத்தைத் தடவிப் பார்த்த பிறகு கிளம்பிவிட்டான். "வரேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

அக்கா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"திட்டுவான்னு நினைச்சேன் சார். நாலு வார்த்தை கேட்பான்னு தயாரா இருந்தேன். யாரோ மாதிரி 'ங்க' போட்டுட்டுப் போறான்."

அந்தக் கடிதத்தை எழுதியிருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இல்லை என்று தலையசைத்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். இரண்டு பேர் படியேறி வந்து, எங்களைப் பார்த்ததும் சுவரோரமாக ஒதுங்கிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் மேலே நர்ஸ் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சொட்டு மருந்து போடும் நேரம். அக்கா குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு மேலே போனார்.