உப்பில் போட்ட ராஜாக்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்தால் எங்கள் வீட்டில் ரோமாபுரிதான். தமிழில் டப் செய்த பழைய படங்களாகப் போடும் ஒரு சேனல் உண்டு. ரோமர்கள், எகிப்தியர்கள், தேர்கள், பாலைவனம். நானும் மனைவியும் பார்ப்போம். ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் அதிகாரியாக இருந்த காலத்திலிருந்தே எனக்குச் சரித்திரப் புத்தகங்களில் பித்து. அதனால் படத்தில் பிழை கண்டுபிடித்துக்கொண்டிருப்பேன். அவளுக்கு அந்த ஆட்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

"இன்னாங்க, தளபதின்றான், முட்டிக்கு மேல பாவாடை கட்டிகினு கீறான்?"

"அது ரோமானிய உடைம்மா."

"அத்தோடவா சண்டைக்குப் போவான்? கொசு கடிக்காது?"

அவள் ஆவடிக்குப் பக்கத்துப் பருத்திப்பட்டு ஊர்க்காரி. ஏரிக்கரை வயல்களில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். நான் தெற்கத்திக்காரன். கல்யாணமான புதிதில் அவள் பேச்சைத் திருத்தப் பார்த்தேன். பிறகு அதைக் கேட்பதற்காகவே படம் பார்க்க உட்கார்ந்தேன்.

ஒரு வாரம் எகிப்துப் படம். ராஜா இறந்துவிட்டான், உடலுக்குத் துணி சுற்றுகிறார்கள். நான் வழக்கம்போல் பாடம் எடுத்தேன். முதலில் குடலை எடுத்துவிடுவார்கள், பிறகு உப்பில் புதைத்து வாரக்கணக்கில் உலர்த்துவார்கள், துணி அப்புறம்தான் என்றேன்.

"கருவாடு மாறியா?"

"கிட்டத்தட்ட."

அவள் இருமல் வரும்வரை சிரித்தாள். "அடப்பாவிங்களா! ராஜா ராஜான்னு சொல்லிகினு கடைசில கருவாடு போட்டுட்டானுங்களே!"

அடுத்த வாரப் படத்தில் ஒரு ரோமானியக் கிழவர் செத்தார். கட்டையை அடுக்கி, பொழுது சாய்வதற்குள் தீ வைத்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"இவனுங்க தேவல. நம்மள மாறி." என் பக்கம் திரும்பினாள். "தோ பாருங்க, நான் போனா அன்னிக்கே முட்ச்சிடுங்க. பையன் வரணும், பேரன் வரணும்னு ஐஸ் பெட்டில போட்டு வெக்காதீங்க. எனக்குக் குளிரு ஆவாது."

"சரி."

"டிவியப் பாக்காத சொல்லுங்க. சத்தியமா?"

"சத்தியமா."

மார்கழியில் கம்பளி மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு, ஃபேனைப் போட்டால் சண்டைக்கு வருகிறவள் அவள்.

அந்த வருஷ மார்கழியில் ஒரு காலை, காப்பி கலக்கப் போனவள் சமையலறையில் விழுந்து இறந்தாள். பக்கத்துத் தெருவில் இருக்கும் மகள் ஓடி வந்தாள். கனடாவில் இருக்கும் மகனுக்கு நானே ஃபோன் செய்தேன். அழுது முடித்தபின் அவன் சொன்னான்: "இங்க ஒரே பனிப்புயல்ப்பா. ஃபிளைட் எல்லாம் கேன்சல். எப்ப வருவேன்னு தெரியல. நீங்க எடுத்துடுங்க, தங்கச்சி கொள்ளி வெக்கட்டும்."

"நீ வந்தாத்தான் எடுப்போம்" என்றேன்.

காத்திருக்கச் சொல்லி அவன் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து மகன் பறந்து வந்து தாய்க்குக் கொள்ளி வைத்தான் என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் பார்க்க வேண்டும். மகள் வைத்தால், பெற்ற பிள்ளைகூட வரவில்லை என்பார்கள். வேறு காரணம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்த ஆள் பிளக்கைச் செருகிவிட்டு, "நைனா, மூடிய மட்டும் தொறந்துடாதீங்க. கரண்ட்டு போனா கொஞ்ச நேரம் தாங்கும்" என்றான்.

மகள் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். "ப்பா, அம்மா எதுனா சொல்லி வெச்சிச்சா? போனா இப்டிப் பண்ணுங்க, அப்டிப் பண்ணுங்கன்னு?"

"ஒண்ணும் சொல்லல."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இன்னிக்கே எடுத்துடலாம்ப்பா. நான் வெக்கிறேன்."

"அண்ணன் வரட்டும்."

அவள் உள்ளே போனாள். அம்மாவின் மப்ளரை எடுத்து வந்து, தலையில் சுற்ற வேண்டும், மூடியைத் திறக்கச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டாள். கூடாது என்றார்கள். அதை மடித்து, முகத்துக்கு நேரே கண்ணாடி மேல் வைத்தாள். மாலை போட வந்தவர்கள் அதை ஒதுக்கினார்கள். அவள் மறுபடி வைத்தாள். பெட்டியின் அடியில் சொட்டிய தண்ணீரைப் பழந்துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் பிற்பகல் மகன் வந்தான். மூடியைத் திறந்தார்கள். குனிந்தவன் சட்டென்று பின்வாங்கினான். "இது அம்மா மாதிரியே இல்லியேப்பா."

நானும் பார்த்தேன். கன்னம் ஒட்டி, தோல் கறுத்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் சிரித்துச் சொன்ன அந்தச் சொல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. சுடுகாட்டில் மகன் கொள்ளி வைத்தபோதும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஆசைப்பட்டபடி என் நண்பர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். காரியம் முடிந்ததும் மகன் கனடா திரும்பினான்.

போன ஞாயிறு மகள் சாப்பாடு கொண்டுவந்தாள். டிவியில் அதே எகிப்துப் படம். துணி சுற்றும் இடம் வந்ததும் ரிமோட்டைத் தேடினேன்.

"இருக்கட்டும்ப்பா."

அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "உங்கம்மா என்கிட்ட ஒண்ணு சொல்லியிருந்தா. நான் மறைச்சிட்டேன்."

"தெரியும்ப்பா. என்னாண்டயும் சொல்லிச்சி. கருவாட்டுக் கதையச் சொல்லி ஒரே சிரிப்பு. அப்பா சத்தியம் பண்ணிக் குடுத்துட்டாருன்னும் சொல்லிச்சி."

"தெரிஞ்சிக்கிட்டா என்கிட்ட கேட்ட?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயடியில் நின்று கழுவினாள். நான் எழுந்து போய்ச் சமையலறை வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு நீதான் கொள்ளி வெக்கணும். அன்னைக்கே."

அவள் குழாயை மூடினாள். தட்டைத் துடைத்து மேடைமேல் கவிழ்த்தாள்.

"அண்ணன் வரட்டும்ப்பா" என்றாள்.