சாயம் ஏற்றாத துணியில் ஜெயராணி அக்கா

ஜெயராணி அக்கா போய்விட்டார். நேற்றுக் காலை, ஆஸ்பத்திரியில்... நிமோனியா.

எங்கள் பனியன் கம்பெனியில் சாம்பிள் செக்ஷனில் செக்கிங் பார்த்தவர். புது டிசைன் எது வந்தாலும் முதலில் போட்டுப் பார்ப்பது அக்காதான். மீடியம் சைஸ் என்றால் அப்படி ஒரு மீடியம் சைஸ்.

சாத்தான்குளம் பக்கத்துக்காரர். பாதி ஆயுள் திருப்பூரில் கழிந்தும் பேச்சு மட்டும் கொஞ்சமும் மாறவில்லை.

நான் அங்கே வீடியோ எடுக்கும் வேலை பார்ப்பவள். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் டீ-சர்ட்டைத் தன் ஸ்க்ரீனில் திருப்பித் திருப்பிப் பார்க்கட்டும் என்று ஒரு கேமரா வாங்கியிருந்தார்கள். கலரையும் எடுக்கும், ஒவ்வொரு புள்ளியும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் எடுக்கும்.

இரண்டையும் தனித்தனியாக அனுப்பினால் குழப்பம். அதனால் அந்தத் தூரத்தைக் கலருக்குள்ளேயே ஒளித்து வைத்துவிடுவோம். ஒவ்வொரு புள்ளியின் கலரையும் ஒரு துளி நகர்த்தினால் போதும்... கண்ணுக்குத் தெரியாது, சாஃப்ட்வேர் படித்துக்கொள்ளும்.

கேமரா முன்னால் அக்கா நிற்பார். "மூச்ச புடிச்சுக்குங்கக்கா" என்பேன். மூச்சு விட்டால் துணி அசையும், அளவு மாறிவிடும்.

"ஏ பிள்ள, சட்டைய எடுக்கியா, எக்ஸ்ரே எடுக்கியா?"

தினமும் இதே கேள்வி. தினமும் நானும் சிரிப்பேன்.

கண்ணுக்குத் தெரியாது என்று சொன்னேன் இல்லையா... திருப்பூரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஷேட் ஒரு இழை மாறினால் சரக்கு மொத்தமும் திரும்பி வரும் ஊர் இது.

சண்முகண்ணன்தான் எங்கள் ஷேட் இன்சார்ஜ். ஸ்க்ரீன் பக்கத்தில், நிற மாதிரி ஒட்டிய ஷேட் கார்டை வைத்துப் பார்த்தவருக்கு நீலம் ஒட்டவில்லை. நான் லீவில் இருந்த வாரம், எல்லா வீடியோவையும் கார்டுக்குத் தகுந்த மாதிரி கலர் திருத்தி, பழைய ஃபைல் மேலேயே சேவ் செய்து வைத்துவிட்டார். நல்ல மனசோடுதான்.

கலர் பிரமாதமாக இருந்தது. உள்ளே ஒளித்த தூரம் மொத்தமும் போய்விட்டது.

எல்லோர் முன்னாலும் வீடியோவைத் திறந்து திருப்பிக் காட்டினேன். அக்காவின் முகம் ஓட்டை ஓட்டையாக, தோள் எங்கோ பின்னால், கை அறுந்து முன்னால்... பார்க்கச் சகிக்கவில்லை. 

அக்கா என் சேருக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்.

"சம்முவண்ணே, உசுரோட இருக்கும்போதே என்னைய சல்லடையா ஆக்கிட்டியளே."

அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தோம். நேற்றிலிருந்து அந்தப் பேச்சு என்னை விடமாட்டேன் என்கிறது.

நேற்று சண்முகண்ணன் போன் செய்தார். குரலே சரியில்லை.

"ஏனுங்கம்மிணி... அந்த சாயம் போடாத துணில நின்னாங்கல்லங்க, மொத நாளு டெஸ்டு... அது இருக்குதுங்களா? நான் கை வெக்காத உட்டது அது ஒண்ணுதானுங்க."

இருந்தது. சாயத் துணி வந்து சேராததால், வெறும் பழுப்பு வெள்ளைத் துணியில் தைத்த டீ-சர்ட்டோடு அக்காவை நிற்க வைத்துப் பார்த்த வீடியோ. சாயமே இல்லாத துணிக்கு ஷேட் கார்டு ஏது... அதனால் தப்பித்தது.

அக்காவின் மகள் ஸ்டெல்லாவும் கேட்டாள். வாட்சப்பில் அனுப்பச் சொன்னாள். அனுப்பினால் ஃபைல் சுருங்கும், அக்கா படமாக மட்டும் வருவார், உள்ளே இருப்பது வராது. லேப்டாப்பையே எடுத்து வருகிறேன் என்றேன்.

இன்று காலை கிளம்பும் முன் ஒருமுறை திறந்து பார்த்தேன். தூரத்தை மட்டும் காட்டும் வியூ அது. பக்கத்தில் இருப்பது வெளுப்பாக, தள்ளி இருப்பது கறுப்பாக. கலர் கிடையாது. சாம்பல் நிறத்தில் ஒரு உருவம் அசையாமல் நின்றது.

அப்புறம் நெஞ்சுப் பக்கம் மெல்ல வெளுத்தது. மெல்லக் கறுத்தது. மறுபடி வெளுத்தது...

டெஸ்ட் நாள் அல்லவா. அன்றைக்கு அக்காவை யாரும் மூச்சைப் பிடிக்கச் சொல்லவில்லை.

லேப்டாப்பை மூடிவிட்டேன். பயமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். அம்மாவைப் பெட்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் போய் இதைக் காட்டுவதா?

காட்ட வேண்டாம், கலர் படத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

லைன் வீட்டு வாசலில் ஃப்ரீசர் பெட்டி. மதியம் ஊருக்குக் கொண்டுபோக வண்டி சொல்லியிருந்தார்கள். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அந்த மூச்சுச் சத்தந்தான்க்கா காதுலயே நிக்கி. இழுத்து இழுத்து... அம்மான்னு நெனச்சாலே அதான் வருது."

பக்கத்து வீட்டுக்குள் கூட்டிப்போய் லேப்டாப்பைத் திறந்தேன். முதலில் கலர். "சும்மா நிக்காவ" என்றாள். வியூவை மாற்றினேன்.

கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்தாள். பிறகு ஸ்க்ரீனுக்குக் கிட்டே குனிந்தாள்.

"அக்கா... மூச்சு விடுதாவளா?"

"ஆமா கண்ணு."

"கஷ்டப்படாம விடுதாவ."

கதவு வழியே பெட்டியின் கண்ணாடி தெரிந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வீடியோ முடிந்தது. மூடப் போனேன். என் கையைத் தள்ளிவிட்டு, திரும்ப முதலிலிருந்து போட்டாள். வண்டி வந்து ஹாரன் அடித்து, பெரியவர்கள் வந்து பெட்டியைத் தூக்கும்வரை போட்டுக்கொண்டே இருந்தாள்.

பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இதை எழுதும்போதும் என் ஸ்க்ரீனில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது... நிறுத்தக் கை வரவில்லை.

அக்கா, இனி யாரும் உங்களை மூச்சைப் பிடிக்கச் சொல்ல மாட்டோம். போய் வாருங்கள்.