செத்தவீட்டு மலைக்குப் போன ரோல்ஸ்

மாசி மாதத்துச் சனிக்கிழமை, காலை ஐந்து மணிக்கு லாஸ் வேகஸிலிருந்து நானும் தம்பி குகனும் புறப்பட்டோம். வாடகைக் கார், நாளுக்கு எழுபத்திரண்டு அமெரிக்க டொலர். ரொறன்ரோவிலிருந்து எங்களோடு வந்த மற்றச் சொந்தங்கள் விடியவிடியச் சூதாடிவிட்டு அப்போதுதான் படுக்கப் போனார்கள். அவர்களுக்கு யாரும் "கவனம்" சொல்லவில்லை. எனக்கு மட்டும் சொன்னார்கள்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இரண்டு வருடத்துக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது மலை ஏறலாம் என்று இதய வைத்தியரே சொல்லிவிட்டார். ரொறன்ரோவில் நான் இருக்கிற வோபர்னில் காண்கிற அன்ரிமார் எல்லாரும் அவரை விடப் பெரிய வைத்தியர்கள். போகிற மலைத்தொடரின் பெயர் பியூனரல் மவுண்டன்ஸ், அதாவது செத்தவீட்டு மலை, என்று தெரிந்ததும் கத்தல் கூடியது. கடைசியில், ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் பிக்கரிங்கில் இருக்கிற குகனை எனக்குக் காவலாக அனுப்பினார்கள்.

"பேரைப் பாத்தாவது நிண்டிருக்கலாம் அக்கா," என்றான் காரில்.

"பயமெண்டால் காருக்குள்ளை இரு."

ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீற்றர் ஓடி, டெத் வேலிச் சந்தியைத் தாண்டி, ஏழரை மணிக்கு வீதியோரம் காரை நிறுத்தினோம். பாதை இல்லை, பலகை இல்லை, கைபேசிக்குச் சிக்னல் இல்லை. எங்களைத் தவிர ஆள் இல்லை. பிரமிட் சிகரம் அங்கிருந்து ஆயிரத்து நூறு மீற்றர் உயரே. ஆளுக்கு ஐந்து லீற்றர் தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன். நான் சப்பாத்துக் கட்டும்போது குகன் கார் டிக்கியில் குனிந்து தன் பையை அடுக்கிக்கொண்டிருந்தான்.

முதலில் சரளைக்கல் நிலம். பிறகு காலை வைத்தால் சறுக்கும் சரிவு. அதன் மேல், கையைக் கிழிக்கும் சாம்பல் நிறப் பாறைகள். நிழல் என்று ஒன்றும் கிடையாது. மெதுவாக ஏறினேன்; மூச்சு வாங்கினால் நின்றேன். என் நெஞ்சு ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்கு முகட்டைப் பிடித்தோம். கீழே வெள்ளையாக உப்புவெளி, எதிரே பனி மூடிய மலை. சிகரம் கண் முன்னால். இன்னும் ஒரு மணி நேரம் ஏறினால் போதும்.

குகன் பாறையில் சரிந்தான். "அக்கா, தலை சுத்துது. தண்ணி தாங்கோ."

"உன்ர தண்ணி எங்கையடா?"

"ரெண்டு லீற்றர்தான் கொண்டந்தனான். முடிஞ்சுது."

அவன் பையைத் திறந்தேன். அவன் மனைவி, என் மச்சாள், புறப்படும்போது பொரித்துத் தந்த மரக்கறி ரோல்ஸ், முறுக்கு, பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி.

"மிச்சத் தண்ணி?"

"காருக்குள்ளை. ரோல்ஸ் வைக்க இடம் காணேல்லை. திருப்பிக் கொண்டு போனால் உங்கட மச்சாளின்ர வாயை நீங்களே கேக்கிறது?"

என்னிடம் இரண்டரை லீற்றர் மிச்சம். சிகரம் ஏறி இறங்க எனக்கு அது போதும், இரண்டு பேருக்குப் போதாது. "நீங்கள் ஏறிப்போட்டு வாங்கோ," என்றான். முகம் வெளிறிக் கிடந்தவனை எப்படி விட்டுப் போவது? சிகரத்தை ஒருதரம் நன்றாகப் பார்த்தேன். தண்ணீரை அவனிடம் கொடுத்தேன். கீழே வரும் வரை அவனைத் திட்டினேன்.

காரடியில் ஒரு லீற்றரை ஒரே மூச்சில் குடித்தான். "வீட்டிலை சொல்லிப்போடாதேங்கோ அக்கா." நான் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை பிக்கரிங்கில் அவன் வீட்டில் பிறந்தநாள். வாசலில் நாலே நாலு படி. என் கையைப் பிடிக்க ஒரு அன்ரி ஓடி வந்தார். "பாவம் பிள்ளை. குகன் இல்லாட்டி என்ன நடந்திருக்கும்? நல்ல காலம், உன்னை இடையிலை இறக்கிக்கொண்டு வந்திட்டான்."

குகன் கேக் வெட்டும் கத்தியைத் துடைத்துக்கொண்டு நின்றான். சபை நடுவே கேட்டேன்: "தம்பி, ஆர் ஆரை இறக்கினது? காருக்குள்ளை கிடந்த தண்ணியையும் சொல்லு."

"பகிடிக்குச் சொன்னனான் அக்கா."

"நான் பகிடிக்குச் சொல்லேல்லை. வாற மாசி என்னோடை வேலை செய்யிற ரெண்டு பேரோடை திரும்பப் போறன். நீ வராதை. ரோல்ஸை மட்டும் குடுத்துவிடு."