ஏரிக்கும் தறிக்கும் ஒரு பந்தயம்

வீரபாகுவின் வாய்க்கு ஒரு பூட்டுப் போட வேண்டும் என்று ஆரணியில் சொல்லாதவர்கள் குறைவு. தன் கல்யாணத்திலேயே, தாலி கட்டும் நேரத்தில் ஐயரைப் பார்த்து, "ஜல்தியா முடிங்க சாமி, தறி சும்மா கெடக்குது" என்றவர் அவர். மணவறையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லீலா சிரித்துவிட்டார். அந்த ஒரு சிரிப்பை நம்பித்தான் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்.

கை அப்படி இல்லை. தறியில் ஓர் இழை அறுந்தால் எல்லாவற்றையும் நிறுத்துவார். முடிச்சுப் போட்டு, முடிச்சைத் தடவிப் பார்த்து, விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால்தான் அடுத்த இழை. அவருக்குப் பாவு நூல் கொடுத்துப் புடவையாகத் திருப்பி வாங்கும் பட்டு வியாபாரி சந்திரமோகன், மற்றவர்கள் புடவையையெல்லாம் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். வீரபாகுவின் புடவையை மட்டும் மடிப்போடு அலமாரியில் வைத்துவிடுவார். "உம்ம கைய நம்பலாம். வாயத்தான் நம்ப முடியாது" என்று அவரிடமே சொல்லியும் இருக்கிறார்.

அந்த வாய் ஓர் ஐப்பசி மாதத்துச் சாயங்காலம் பழைய பஸ் நிலையத்து டீக்கடையில் மாட்டிக்கொண்டது.

தொடர்ந்து மூன்றாவது வருடமாக மழை பொய்த்திருந்த சமயம் அது. தெருக்குழாயில் காற்று வந்தது, போர்வெல்லில் அதுவும் வரவில்லை. களத்துமேட்டு எல்லப்பன் செய்யார் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கழுத்தில் அடையாள அட்டை ஆட, நேரே டீக்கடைக்கு வந்தார். களத்துமேட்டு ஏரிக்குக் கீழே அவருக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. ஏரி காய்ந்தபிறகு ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"புயல் கட்டிகினு வருதாம். இந்த வருசம் எங்க ஏரி கோடி போவும் பாருங்க" என்றார் எல்லப்பன். ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கரையோரத்துக் கல்கட்டின் மேல் வழிந்து போவதைத்தான் அந்தப் பக்கத்தில் கோடி போவது என்பார்கள்.

வீரபாகு டம்ளரைக் கீழே வைத்தார். "உங்க ஏரியா? அதுல நேத்துகூட பசங்க பந்து அடிச்சிகினு இருந்தாங்களே! பந்து தொலைஞ்சா தேடறதுக்குக்கூட அதுல புல்லு கெடையாது."

கடையே சிரித்தது. எல்லப்பன் முகம் சுண்டிப்போயிற்று. "சிரிக்காதீங்க பாகு அண்ணே. கோடியம்மா கேட்டுகினு இருப்பா."

"கேக்கட்டுமே. உங்க ஏரி கோடி போச்சுன்னா ஆத்தாளுக்குப் பட்டுப்புடவை! கடையில வாங்கினது இல்ல. என் தறியில, என் கையால நெய்ஞ்சது. நானே எடுத்தாந்து நானே கட்டி உடறேன், போதுமா?"

"நாலு பேரு கேட்டுகினாங்க அண்ணே."

"நாப்பது பேரு கேக்கட்டும்."

கோடியம்மன் என்பது அந்தக் கல்கட்டின் ஓரத்தில் நட்டிருக்கும் ஒரு கல். ஏரி வழிகிற அன்று ஊரார் அதற்குப் புடவை சாத்துவார்கள், நூல்புடவைதான் வழக்கம். ஆனால் ஒருவன் வேண்டிக்கொண்டு ஏமாற்றினால் அம்மன் கரையையே உடைத்துக்கொண்டு போய்விடுவாள் என்பது ஊரின் நம்பிக்கை. அதனால் அம்மனுக்கு விளக்கேற்றும் விருத்தாம்பாள் மறுநாளே எல்லப்பனிடம் சொல்லியனுப்பினார்: "அந்தத் தறிக்காரரு சொன்னது நெசந்தானான்னு கேட்டுகினு வா."

"நெசந்தான், நெசந்தான்" என்று சொல்லியனுப்பிவிட்டு வீரபாகு அதை மறந்தே போனார்.

கார்த்திகையில் புயல் வந்தது. அதற்கு ஏதோ பெயர் வைத்திருந்தார்கள், ஆரணியில் யார் வாயிலும் நுழையவில்லை. ஒரு நாள் முழுக்கக் காற்று. அதன்பின் வானம் பொத்துக்கொண்டது. மணல் மட்டுமே கிடந்த கமண்டல நாகநதியில் கரை முட்டத் தண்ணீர் போனது. ஊரே பாலத்தின் மேல் நின்று செல்போனில் படம் பிடித்தது. படம் பிடித்தவர்களில் பாதிப்பேர் வீடு திரும்பினபோது அடுப்பங்கரையில் பாத்திரங்கள் மிதந்துகொண்டிருந்தன. தாழ்வான தெருக்காரர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்துச் சாம்பார் சாதம் போட்டார்கள். வந்தவாசி ரோடு காணாமல் போயிற்று. மின்சாரம் நின்றதால் பவர்லூம்களும் நின்றன.

அன்று மதியம் எல்லப்பன் போன் செய்தார். "பாகு அண்ணே, ஏரி முக்கால்வாசி."

"எந்த ஏரி?"

"பந்து அடிச்ச ஏரி."

வீரபாகு அப்படியே தறிப்பலகையில் உட்கார்ந்துவிட்டார். தறியில் சந்திரமோகன் கொடுத்த பாவின் கடைசிப் புடவை இருந்தது. அரக்கு உடல், மாம்பழ நிறக் கரை. உடலில் இரண்டு முழமும் முந்தானையும் பாக்கி. நிதானமாக நெய்தால் ஒரு வாரத்து வேலை. சந்திரமோகனுக்குப் போன் போட்டார்.

"இந்தக் கடைசிப் புடவைய எனக்கு உட்டுடுங்க. கூலியில கழிச்சிக்கலாம்."

"யாருக்குய்யா?"

"களத்துமேட்டு ஆத்தாளுக்கு."

"ஆத்தாளுக்கா? கட்டின பொண்டாட்டிக்கே நீ ஒரு பட்டு நெய்ஞ்சி குடுத்தது இல்லியே!"

போன் சத்தமாக வைக்கப்பட்டிருந்தது. "அதை நல்லா கேளுங்க சார்" என்று உள்ளேயிருந்து லீலாவின் குரல் வந்தது.

சந்திரமோகன் விட்டுக்கொடுத்தார். வீரபாகு விளக்கு வைத்துக்கொண்டு நெய்யத் தொடங்கினார். அடுத்த நாள் காலை தறிக்குழியில் காலை விட்டவர் ஜில்லென்று பட்டதும் வெளியே எடுத்தார். மிதிப்பலகைகள் மிதந்துகொண்டிருந்தன. இறைத்து ஊற்றினார். ஊறியது. லீலாவும் சேர்ந்து இறைத்தார். இறைக்க இறைக்க ஊறியது.

"மூணு வருசமா போர்ல வராத தண்ணி உங்க காலடியில வருது" என்றார் லீலா.

வீரபாகு போனை எடுத்தார். "யோவ் எல்லப்பா, உங்க ஆத்தா பட்டும் கேக்கிறா, நெய்யவிடாம என் காலயும் புடிச்சிகினு இருக்கிறா. பெரிய பேஜாராப் போச்சுய்யா."

"புடவை ரெடியாவலியா?" எல்லப்பனின் குரல் மாறிவிட்டது. "அண்ணே, வெளையாடாதீங்க. கரையில ஒரு எடத்துல மண்ணு எளகிகினு இருக்குது. மணல்மூட்டை அடுக்கிகினு இருக்கோம். ஊரே உங்க புடவையத்தான் கேக்குது."

வீரபாகு தறிக்குழியில் தண்ணீர் ஊறுவதைச் சொன்னார். கரை போனால் கீழே எல்லப்பன் வீட்டையும் சேர்த்து ஒரு தெருவே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கரை புடவையால் நிற்குமா என்பது அவருக்கே சந்தேகம்தான். ஆனால் போய்விட்டால், தன் பேச்சால் போயிற்று என்று ஊர் சொல்லும். அதற்கு மறுபேச்சு இல்லை.

இரண்டு மணி நேரத்தில் ஒரு டிராக்டர் தெருவுக்குள் புகுந்தது. அதன் மேல் எல்லப்பனும், சாக்குப் போர்த்திய அவருடைய ஆயில் எஞ்சினும். கிணறு வற்றினதிலிருந்து தூங்கிக்கொண்டிருந்த எஞ்சின் பலமுறை இருமி, கடைசியில் உயிர் பிடித்தது. குழாயைத் தறிக்குழிக்குள் விட்டார்கள். ஓர் ஏக்கர் பாய்ச்சும் எஞ்சினுக்குத் தறிக்குழி எம்மாத்திரம்? ஒரே உறிஞ்சலில் குழி காலி. கூடவே வீரபாகுவின் ஒரு மிதிக்கயிறும் போய்க் குழாயில் மாட்டிக்கொண்டது.

"கயித்த உடுய்யா, தறியயும் இழுத்துகினு போயிடப்போவுது!" என்று கத்தினார் வீரபாகு.

கயிற்றை எடுத்துக் கட்டினார்கள். குழி ஊறும்போதெல்லாம் எஞ்சினை ஓட விட்டார்கள். சும்மா நின்றிருந்த பவர்லூம்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

"இன்னா பாகு, கைத்தறியயும் எஞ்சின்ல ஓட்ட ஆரம்பிச்சிட்டியா?"

"தறி கையாலதான் ஓடுது. குழிதான் எஞ்சின்ல ஓடுது" என்று எல்லப்பன்தான் பதில் சொன்னார். வாசலில் குழாயிலிருந்து கொட்டிய தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்து, "எங்க கெணத்துல பாக்காத தண்ணிய உங்க வூட்டுக்குள்ள பாக்கறேன்" என்றார்.

ஏரிக்கரையிலிருந்து போன் வந்தபடி இருந்தது. கோடிக்கு இன்னும் ஒரு முழம். ஒரு சாண். நான்கு விரல். வீரபாகு எதற்கும் வாய் திறக்கவில்லை. அன்று முழுக்க, மறுநாளும், தறியில் நாடாக்கட்டை ஓடும் சத்தம் மட்டும்தான். லீலா வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலோ என்று.

அதற்கும் அடுத்த நாள் காலையில் முந்தானை முடிந்தது. அவசரத்திலும் அவர் கை எந்த முடிச்சையும் தடவாமல் விடவில்லை. புடவையை அறுத்து எடுத்து, பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு டிராக்டரில் ஏறினார்கள். லீலாவும் ஏறிக்கொண்டார். "இவ்ளோ தூரம் வந்தாச்சு, முடிவையும் பாக்கறேன்" என்றார்.

களத்துமேட்டு ஏரி வானம் வரைக்கும் தண்ணீராக இருந்தது. செம்மண் நிறத்தில் அலையடித்தது. கரை முழுக்க ஜனம். மணல்மூட்டை அடுக்கிய இடத்தில் ஆண்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். கல்கட்டின் விளிம்பில் தண்ணீர் துளும்பியது, வழியவில்லை.

"வந்துட்டியா!" என்றார் விருத்தாம்பாள். "உனக்காவத்தான் நின்னுகினு இருக்கிறா. கட்டு, ஜல்தி."

வீரபாகு புடவையைப் பிரித்தார். அம்மனைப் பார்த்தார். அம்மன் அவருடைய முழங்கால் உயரம். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. வாழ்நாளெல்லாம் புடவை நெய்தவர், ஒரு புடவையைக்கூட யாருக்கும் கட்டிவிட்டதில்லை.

லீலாவைப் பார்த்தார். லீலா கைகளைக் கட்டிக்கொண்டார். "நானே கட்டி உடறேன்னு சொன்னது நீங்கதான?"

முதல் சுற்று நழுவிற்று. இரண்டாவதில் புடவை அம்மனின் தலையை மூடிவிட்டது. கரையில் நின்ற பெண்கள் கூச்சல் போட்டார்கள். "கொசுவம் வைய்யா!" "அய்ய, முந்தானையப் போயி இடுப்புல சொருவுறாரு!" "ஆத்தாளுக்கு மூச்சு முட்டப்போவுது!"

"எத்தினி பொடவை நெய்ஞ்சிருப்ப?" என்று கேட்டார் விருத்தாம்பாள்.

"அதுக்கு ஏது கணக்கு, ஆயா."

"கட்டத் தெரிலியே."

அவர் மண்டிபோட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பாக விரலால் அளந்து வைத்தார். கடைசி மடிப்பைச் சொருகிக்கொண்டிருக்கும்போது முழங்காலில் ஏதோ சில்லென்று பட்டது. கல்கட்டைத் தாண்டி ஒரு நாக்கு அளவு தண்ணீர் வந்திருந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு விளிம்பு முழுவதுமாகக் கண்ணாடிபோல் வழிந்தது. யாரோ பட்டாசு கொளுத்தினார்கள், நனைந்த பட்டாசு, பாதிதான் வெடித்தது. ஜனம் போட்ட சத்தத்தில் அந்தக் குறை தெரியவில்லை. தண்ணீர் கோடி வழியே போகத் தொடங்கியதும் இளகிய இடத்தில் பாரம் குறைந்தது. கரை நின்றது.

வீரபாகு மட்டும் குனிந்து நனைந்த கொசுவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணே தேடறீங்க?"

"சாயம் போவுதான்னு பாக்கறேன்."

"இந்தச் செந்தண்ணியில போனாத்தான் எவனுக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமில்ல."

சாயம் போகவில்லை.

தண்ணீர் வடிந்தபின் எல்லப்பன் நடவு நட்டார். கழுத்து அட்டையைக் கழற்றி ஆயில் எஞ்சினுக்கு மாட்டிவிட்டதாகச் சொல்கிறார்கள்.

மறு வருடம் ஐப்பசியில் களத்துமேட்டிலிருந்து ஐந்தாறு பேர் டீக்கடைக்கு வந்து, வீரபாகுவுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றார்கள். எல்லப்பன்தான் ஆரம்பித்தார்.

"மேகம் ஒண்ணும் கூடக்காணோம் அண்ணே. விருத்தாம்பா ஆயா சொல்லியனுப்புச்சு. போன வருசம் மாதிரி எங்க ஏரியப் பத்தி எதனா கேவலமாப் பேசணுமாம்."

வீரபாகு வடையைத் தின்று முடித்தார். கையைத் துடைத்தார். "உங்க ஏரியா? நாலு தவளை குளிச்சா அஞ்சாவதுக்குத் தண்ணி பத்தாது."

வந்தவர்கள் திருப்தியாக எழுந்து போனார்கள். அதற்கு முந்தின நாளே அவர் கொத்தனாரை வரவழைத்துத் தறிக்குழிக்குச் சிமெண்ட் பூசிவிட்டிருந்தார். அது காய்ந்ததும் சொந்தமாக ஒரு பாவு ஏற்றினார். அதில் முதல் புடவை லீலாவுக்கு, இரண்டாவது அம்மனுக்கு.